எந்தக் கதவைத் தட்டுவது? விழிஞ்ஞம் தரும் பாடம்

(கட்சிக் கிளைச் செயலாளர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் 2025 மே 24 அன்று சாய்ந்து, மறுநாள் கடலில் மூழ்கியது. அதில் 640 பெட்டகங்கள் இருந்தன. அவற்றுள் 13 பெட்டகங்களில் ஆபத்தான சரக்கு இருந்தது. சில நாட்களில் திருவனந்தபுரம் கடற்கரையில் வெண்ணிறப் பிளாஸ்டிக் குருணைகள் மூட்டை மூட்டையாக ஒதுங்கின. கன்னியாகுமரி மாவட்டக் கரையையும் அவை விட்டுவைக்கவில்லை.

வலையில் குருணை சிக்கிய மீனவர் யாரிடம் சொல்ல வேண்டும்? கேள்வி எளியது, விடை எளியதல்ல. கடலில் பரவும் எண்ணெய்க்குப் பொறுப்பு கடலோரக் காவல்படை. கப்பலையும் அதன் உரிமையாளரையும் கேள்வி கேட்கும் அதிகாரம் ஒன்றிய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் உள்ளது. ஒதுங்கிய சரக்கில் சுங்கத்துறைக்கு உரிமை உண்டு. நீரையும் மணலையும் ஆய்வு செய்வது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கரையில் பெட்டகத்தைக் கண்டால் 200 மீட்டர் விலகி நின்று 112 எண்ணை அழைக்குமாறு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. மீனவருக்கு இத்தனை அலுவலகங்கள்; இழந்த நாட்கூலியோ ஒன்றுதான்.

கேரள அரசு இதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும் உடனடி உதவியாக அறிவிக்கப்பட்டன. பின்னர் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கோரி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அத்தொகையில் மீனவர்களின் வருவாய் இழப்புக்கென 526 கோடி ரூபாய் கோரப்பட்டது. உடனடி உதவி ஒரு கதவு. இழப்பீடு வேறொரு கதவு. இரண்டும் ஒன்றல்ல என்பதை மக்களுக்கு விளக்க வேண்டியவர் உள்ளூர் ஊழியரே.

பேரிடர் நாளில் மட்டுமன்று, அன்றாட வாழ்விலும் இதே நிலைதான். விழிஞ்ஞம் 2010 வரை தனி ஊராட்சி. அவ்வாண்டில் அது திருவனந்தபுரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஊராட்சியில் வாக்காளர் அனைவருக்கும் கிராம சபையில் இடம் இருந்தது. ஒரு லட்சத்திற்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகர அமைப்புகளுக்குக் கேரள நகராட்சிச் சட்டம் 1994 தருவதோ வார்டு குழு. அதில் பிரதிநிதிகளுக்கே இடம். ஆகவே அங்கே யார் அமர்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பது இப்போது கூடுதல் கவனத்துக்குரியது.

குப்பை, தெருவிளக்கு, சந்தையின் கழிவுநீர் வாய்க்கால் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீர்க் குழாய் கேரள நீர் ஆணையத்தைச் சேர்ந்தது. மின்கம்பி மின்வாரியத்துடையது. புறவழிச்சாலையின் பள்ளத்திற்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் பதில் சொல்ல வேண்டும். கவுன்சிலரிடம் எல்லாவற்றையும் முறையிட்டுவிட்டு, நடக்கவில்லை என்று சோர்ந்து போவது ஊர்தோறும் காணும் காட்சி.

அருகருகே இரண்டு துறைமுகங்கள் இருப்பது குழப்பத்தை மேலும் வளர்க்கிறது. மீன்பிடித் துறைமுகத்தின் கட்டுமானம் மாநில அரசின் துறைமுகப் பொறியியல் துறையிடம் உள்ளது. பெரிய சரக்குத் துறைமுகமோ 2015இல் கையெழுத்தான சலுகை ஒப்பந்தத்தின்படி அதானி குழும நிறுவனம் நடத்துவது; மாநில அரசின் சார்பில் ஒப்பந்தத் தரப்பாக நிற்பது விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுக நிறுவனம். அதன் சுற்றுச்சூழல் அனுமதியை 2014இல் வழங்கியது ஒன்றிய அமைச்சகம். நிபந்தனைகளுடன் அதை 2016இல் உறுதிசெய்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். எனவே நிபந்தனை மீறல் பற்றிய புகாரை வார்டு அலுவலகத்தில் கொடுத்துப் பயனில்லை. கரை அரிப்பில் வீடு இழந்தவரின் மறுவாழ்வோ மீன்வளத்துறையின் பொறுப்பு. அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழ்வோருக்கு நிலமும் வீடும் பெற 10 லட்சம் ரூபாய் வழங்கும் ‘புனர்கேகம்’ திட்டம் அத்துறையுடையது.

‘இது எங்கள் வேலையல்ல’ என்ற சொல்லுக்கு ஓர் எளிய மருந்து உண்டு. தகவல் உரிமைச் சட்டம் 2005இன் 6(3) பிரிவின்படி, தவறான அலுவலகத்திற்குச் சென்ற தகவல் மனுவை உரிய அலுவலகத்திற்கு ஐந்து நாட்களுக்குள் அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். ‘இப்பணி யாருடைய பொறுப்பு? எந்த அலுவலர்? எந்த ஆணைப்படி?’ என்ற மூன்று வினாக்களை மட்டும் கேட்டுப் பெறும் பதில், அடுத்த மனுவுக்கும் அடுத்த இயக்கத்துக்கும் அடித்தளமாகும். உள்ளாட்சி அமைப்பின் முறைகேடு என்றால் கேரளத்தில் அதற்கென்றே ஓம்புட்ஸ்மன் அமைப்பு உள்ளது.

ஆயினும், தோழர்களே, எல்லாப் பிரச்சினையும் மனுவால் தீர்வதில்லை. 2022இல் விழிஞ்ஞத்தில் நூறு நாட்களுக்கு மேல் நீடித்த மீனவர் போராட்டத்தின் கோரிக்கைகளை எண்ணிப் பார்க்கலாம். வீடிழந்தோருக்கு மறுவாழ்வு, மண்ணெண்ணெய் மானியம், வானிலை எச்சரிக்கை நாட்களில் வருவாய் ஈடு, கரை அரிப்பு ஆய்வு என அவை பல துறைகளில் சிதறிக் கிடந்தன. எந்த ஒரு துறையும் தனியே பதில் சொல்ல இயலாத நிலையில் அமைச்சரவைத் துணைக்குழு பேச்சு நடத்த வேண்டியதாயிற்று. டிசம்பர் 6 அன்று போராட்டம் முடிவுக்கு வந்தது. அப்போராட்டத்தின் தலைமையையும் முறைகளையும் பற்றிக் கருத்து வேறுபடலாம். ஆனால் துறைகளின் எல்லையை மீறும் பிரச்சினை அரசியல் பிரச்சினை என்பதில் ஐயமில்லை. எது மனுவுக்குரியது, எது மக்கள் இயக்கத்துக்குரியது என்று பிரித்தறியவே அலுவலக அறிவு தேவைப்படுகிறது.

வசதி படைத்தவனுக்கு வழக்கறிஞர் உண்டு, இடைத்தரகர் உண்டு. உழைப்பவனுக்கு அமைப்பு மட்டுமே உண்டு. ஆனால் கட்சி ஊழியர் தாமே இன்னொரு தரகராகிவிடக் கூடாது. மனுவைத் தாம் வாங்கிக்கொண்டு தனியே செல்பவரால் ஒரு வாய்க்கால் சீராகலாம். மக்கள் எதையும் கற்பதில்லை. மீன் விற்கும் பெண்கள் பத்துப் பேரை அழைத்துச் சென்று, அவர்களே பேசி, அவர்களே ஒப்புகைச் சீட்டைப் பெறும்போதுதான் மக்கள் அதிகாரம் என்ற சொல் பொருள் பெறுகிறது. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் உள்ளடக்கமும் அதுவே.

தமிழ்நாட்டுக் கிளைகளுக்கும் இது பொருந்தும். ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. நகரங்களில் 2022 முதல் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் பத்துப் பிரச்சினைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரே பொறுப்பான அலுவலகம், அலுவலரின் பதவி, மேல்முறையீட்டு இடம் ஆகியவற்றைக் குறிக்கட்டும். விடை கிடைக்காத கட்டங்களே அடுத்த இயக்கத்தின் முழக்கங்கள்.