முட்டுக்காடு உப்பங்கழியில் ஓர் இருப்புக் கணக்கு

(நம் குடியிருப்பின் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகச் செய்திமடலில் போடச் சொன்னார்கள்.)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். லிஃப்ட், பார்க்கிங், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பேசி முடித்து, டீ வருவதற்கு முன்னால் உள்ள பதினைந்து நிமிடம். முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். கவுன்ட்டரை நேரத்துக்கு மூடிவிடுவேன், பயப்படாதீர்கள்.

நம் குடியிருப்பிலிருந்து ஒரு சிறு குழு முட்டுக்காட்டுக்குப் போய்வருவது உங்களில் பலருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் கேட்டைத் திறக்கச் சொல்லி செக்யூரிட்டியைத் தொந்தரவு செய்வது நாங்கள்தான். "ரிட்டயர் ஆன பிறகு பொழுது போகவில்லையா?" என்று ஒருவர் லிஃப்டில் கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் அந்த இடம் நமக்கு என்ன உறவு என்று சொல்லிவிடுகிறேன். நம் வளாகத்து மழைநீர் வாய்க்கால் கிழக்கே போய் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து உபரி நீரும் ஒக்கியம் மடுவு வழியாக அதே கால்வாய்க்குத்தான் வருகிறது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம். கால்வாய் தெற்கே ஓடி முட்டுக்காடு உப்பங்கழியில் சேர்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் முகத்துவாரம், அதற்கப்புறம் கடல். அதாவது நம் வீட்டுக் கணக்கின் கடைசிப் பக்கம் முட்டுக்காட்டில் இருக்கிறது. நாம் அங்கே போட் ஹவுஸுக்குப் போவோம், பக்கத்தில் மீன் வாங்குவோம். கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்ததில்லை.

நாங்கள் அங்கே செய்வது பெரிய ஆராய்ச்சி இல்லை. எங்கள் குழுவில் விலங்கியல் கற்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். டீச்சர் சொல்வார், நான் எழுதுவேன். பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர். அங்கே மீன் பிடிக்கும் ஓர் அண்ணன் எங்களுக்கு வழிகாட்டி. மூன்று இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். வடக்கிலிருந்து கால்வாய் வந்து சேரும் இடம் ஒன்று. நடுவில் சேற்றுத் திட்டு ஒன்று. முகத்துவாரத்து மணல் ஓரம் ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நம் செய்திமடலைப் போலவே.

எப்போது போவது என்பதைக் கடல்தான் தீர்மானிக்கும். நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததுக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைக்கு வந்த ஏற்றம் நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்றம் அதிகம். அஷ்டமி, நவமியை ஒட்டிக் குறைவு. சென்னைத் துறைமுகத்துக்கான நேரப் பட்டியலை இந்திய நில அளவைத் துறை வெளியிடுகிறது. கழிக்குள் தண்ணீர் கொஞ்சம் தாமதமாக வரும். எவ்வளவு தாமதம் என்பதை மட்டும் அண்ணனிடம் கேட்டுக்கொள்வோம். அவர் பட்டியலைப் பார்த்ததில்லை, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் திதி பார்ப்பார். இதுவரை அவர் சொன்னது தப்பியதில்லை.

வற்றத்தில் சேற்றுத் திட்டு வெளியே தெரியும். அங்கே பி.வி.சி. குழாயால் செய்த அரை மீட்டர் சதுரத்தைப் போட்டு, உள்ளே இருக்கும் நண்டு வளைகளை எண்ணுவோம். ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டு, பார்த்திருப்பீர்கள். ஆண் நண்டு அந்தப் பெரிய கையை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். முதல் நாள் மூன்று பிள்ளைகள் ஒரே சதுரத்தை எண்ணினார்கள். ஒருவர் 19 என்றார், ஒருவர் 23, ஒருவர் 31. எனக்கு வங்கி ஞாபகம் வந்துவிட்டது. ஒரே நோட்டுக் கட்டை மூன்று பேர் எண்ணி மூன்று தொகை சொன்னால் அன்று யாரும் வீட்டுக்குப் போக முடியாது. டீச்சர் விதி போட்டார்: சுண்டு விரல் நுழையும் வளையை மட்டும் எண்ண வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவர் எண்ணை மற்றவரிடம் சொல்லக் கூடாது. வித்தியாசம் வந்தால் திரும்ப எண்ண வேண்டும். அதற்குப் பிறகு கணக்கு நேராகத் தொடங்கியது.

தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பாகம் தீட்டியிருக்கும். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கொண்டுவந்த முறை இது. எங்கள் தட்டு என் மனைவி கழித்துவிட்ட எவர்சில்வர் தட்டு.

மீன் கணக்குக்கு நாங்கள் வலை போடுவதில்லை. அண்ணன் தன் பிழைப்புக்காக வீச்சு வலை போடுகிறார். அவர் பத்து வீச்சு வீசும்வரை காத்திருந்து, விழுந்ததை இனம் பிரித்து எண்ணி, நீளம் அளந்து, அவரிடமே கொடுத்துவிடுவோம். எப்போதும் பத்து வீச்சுதான். அப்போதுதான் ஜனவரியையும் ஏப்ரலையும் ஒப்பிட முடியும். மடவை வரும், கீச்சான் வரும், ஜிலேபி கெண்டை வரும், இறால் வரும். கேரளத்தில் கரிமீன் என்று கொண்டாடுகிறார்களே, அதுவும் வரும். எதுவும் விழாத வீச்சுக்கு '0' என்று எழுதுவோம். "ஒன்னுமில்லன்னா ஏன் தாத்தா எழுதணும்?" என்று ஒரு பையன் கேட்டான். வங்கியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் நில் ஸ்டேட்மென்ட் அனுப்புவோம் என்றேன். காலியாக விட்டால், ஒன்றுமில்லையா, பார்க்கவில்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

முகத்துவாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழை முடிந்து வெள்ளத்தின் வேகம் குறைந்ததும், அலை கொண்டுவரும் மணல் கொஞ்சம் கொஞ்சமாக வாயை அடைக்கும். ஜனவரியில் அகலமாகத் திறந்திருந்த வாய் ஏப்ரலில் ஒடுங்கிக் கிடந்தது. "வாய் தொறந்திருந்தாத்தான் சார் குஞ்சு உள்ள வரும்" என்றார் அண்ணன். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏற்றத்தோடு கழிக்குள் வந்து, இங்கே தின்று வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகின்றன. மடவை, கொடுவா, பால் கெண்டை எல்லாவற்றுக்கும் கடலும் வேண்டும், கழியும் வேண்டும். சேற்று நண்டில் பெண் நண்டு முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகும். நாம் சந்தையில் கடல் மீன் என்று வாங்குவதில் எத்தனையோ இந்தக் கழியில் வளர்ந்த பிள்ளைகள். அந்த வாய் வெள்ள நீருக்கும் வழி. 2015 டிசம்பரில் நம் பேஸ்மென்ட்டில் கார்கள் மிதந்தது மறந்திருக்காது.

இப்போது உப்புக்கு வருகிறேன். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மழைக் காலத்தில் கழி நீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும், கோடையில் உப்பேறும். ஒரு சொட்டு நீரைக் கண்ணாடியில் விட்டுக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் அளவு தெரியும் கருவி ஒன்று டீச்சரிடம் இருக்கிறது. இந்த உப்புக் கணக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில், ஓதம் எதுவரை வருகிறது என்பதை உப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆண்டிலேயே மிகவும் வறண்ட காலத்தில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு எங்கே இருக்கிறதோ அதுவரை ஓதப் பகுதி. 2019 அறிவிக்கைப்படி ஓதம் ஏறும் ஓடைகளின் கரையில் 50 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், எது குறைவோ அது, அந்த விதிகளுக்குள் வரும். எங்கள் அளவு சட்டப்படி செல்லாது. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் ஓர் உப்பு அளவு ஒரு நிலத்தின் எல்லையையே முடிவு செய்யும் என்று தெரிந்த பிறகு, நான் அந்த எண்ணை அலட்சியமாக எழுதுவதில்லை. சதுப்பு நிலம் என்றால் சும்மா கிடக்கும் நிலம் என்றே நம் ஊரில் நெடுங்காலம் நினைத்தோம். என்ன இருக்கிறது என்று எழுதி வைக்காத இடத்தை யார் வேண்டுமானாலும் காலி இடம் என்று சொல்லிவிடலாம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இதுவரை சொன்னதெல்லாம் இதற்குத்தான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை விடியற்காலையில் அளக்க வேண்டும். இரவெல்லாம் பாசியும் மீனும் மூச்சுவிட்டுச் செலவழித்த பிறகு, இருப்பு மிகவும் குறைந்திருக்கும் நேரம் அது. கண்ணாடிக் குப்பியில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, டீச்சர் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு ரசாயனங்களை விடுவார். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் திரிந்து இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாக நிற்கும். முகத்துவாரத்துக் குப்பி காபி டிகாஷன் மாதிரி பழுத்தது. சேற்றுத் திட்டுக் குப்பியும் பரவாயில்லை. கால்வாய் சேரும் இடத்துக் குப்பி கிட்டத்தட்ட வெள்ளையாகவே நின்றது. மீன்கள் நன்றாக இருக்க லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும், 2-க்குக் கீழே போனால் மூச்சுத் திணறும் என்று டீச்சர் விளக்கினார். பி பிளாக் பெண் குழந்தை குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இங்க மட்டும் ஏன் தாத்தா வெள்ளையா இருக்கு?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அன்று சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் நான் இந்தச் சங்கத்தின் பொருளாளராக இருந்தேன். பொது மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ப்ளோயரை இரவில் நிறுத்தினால் நல்ல மிச்சம் வரும் என்று ஒரு யோசனை வந்தது. ஒப்புதல் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த வருடம் பொதுக்குழுவில் எனக்குக் கைதட்டினீர்கள். பொன்னாடையும் போர்த்தினீர்கள்.

ப்ளோயர் என்ன செய்கிறது என்று அப்போது நான் கேட்கவில்லை. தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு அதுதான் காற்று. காற்று நின்றால் அவை செத்துப்போகும், தண்ணீர் பாதி கழிவாகவே வெளியேறும். தோட்டத்துக்குப் போக மிஞ்சியது வாய்க்காலுக்குப் போனது, வாய்க்காலிலிருந்து கால்வாய்க்கு. அங்கே மீதிக் கழிவு மட்கும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. நாற்றம் வந்தபோது வாசனைத் திரவம் தெளிக்கச் சொன்னதும் நான்தான்.

குப்பி வெள்ளையாக நின்றதற்கு நாம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அந்தக் கால்வாயில் எத்தனையோ வளாகங்களின் தண்ணீர் கலக்கிறது. ஆனால் எனக்கு இதில் பங்கில்லை என்றும் சொல்ல முடியவில்லை. ரிஜிஸ்டரில் என் கையெழுத்து இருக்கிறது. நான் மிச்சப்படுத்தியதாகச் சொன்ன பணம் மிச்சமே இல்லை. நம் செலவை அண்ணனின் கணக்கில் பற்று வைத்திருக்கிறேன். பத்து வீச்சில் அவருக்கு விழாத மீன் அது.

இப்போது ப்ளோயர் முழு நேரமும் ஓடுகிறதா என்று சென்ற வாரம் போய்ப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இரவு நேரத்து லாக் புக்கில் பல பக்கங்கள் காலி. ஓடியதா, எழுதவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

அதனால் மூன்று வேண்டுகோள். ஒன்று, ப்ளோயர் ஓடிய நேரத்தையும் வெளியேறும் நீரின் பரிசோதனை முடிவையும் மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். மின்கட்டணம் கூடும். கூடட்டும், கணக்கில் காட்டுவோம். இரண்டு, வடை சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. மூன்று, அடுத்த கணக்கெடுப்புக்கு ஒரு வீட்டிலிருந்து ஒருவராவது வாருங்கள். தேதியை அண்ணனிடம் கேட்டுப் போர்டில் எழுதுகிறேன். பழைய செருப்பு, தொப்பி, தண்ணீர் பாட்டில் போதும். ஜனவரியில் வந்தால் பூநாரையும் உள்ளானும் பார்க்கலாம். சேற்றில் துள்ளிப் போகும் உளுவை மீனை எந்த மாதத்திலும் பார்க்கலாம்.

அந்தக் குழந்தைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்று முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இதுதான் பதில், கண்ணு. அடுத்த முறை அந்தக் குப்பியை நீயே நிரப்பு. என்ன நிறம் வந்தாலும் அதை அப்படியே எழுதுவோம்.

டீ வந்துவிட்டது.