கை படித்த படிப்பு



"வீட்டுக்கு உறுதி தருவது கைப்பழக்கமல்ல, கணக்குத்தான்" என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். ஐயா, அந்தக் கணக்கை நம்பிக் கெட்டவன் ஒருத்தன் உங்க முன்னால நிக்கிறேன்! (சிரிப்பு)

கடலூர் முதுநகரில் எங்கள் தாத்தா வீடு. சுண்ணாம்புச் சுவர். அடியில் காரை உதிர்ந்தது. இதே சிதம்பரத்திலிருந்து வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி சுவரில் உள்ளங்கையை வைத்தார். விரலால் தட்டிக் கேட்டார். "ஐயா, இது மூச்சு விடுற சுவரு. சிமெண்டைப் பூசி மூக்கைப் பொத்திடாதீங்க" என்றார். நான் முனைவர் பட்டம் வாங்கினவனாச்சே, கேட்பேனா? பூசினேன். இரண்டே மழைக்காலம்! உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. உப்புப் பூத்துப் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது.

மறுபடி அவரிடமே போனேன். சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தார். விரலில் தேய்த்தார், கரணையில் எடுத்துச் சரியவிட்டார். "இன்னும் பதம் வரலே" என்றார். "என்ன அளவு?" என்று நோட்டை எடுத்தேன். "உங்க வீட்டம்மா ரசத்துக்கு உப்பைத் தராசுலயா நிறுக்கிறாங்க?" என்றார்! (கைதட்டல்)

இது பழங்கதை அல்ல. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7, 8 பங்கு சிமெண்ட் தயாரிப்பால் வருகிறது. சுண்ணாம்பைச் சுட்டாலும் அந்த வாயு வரத்தான் செய்யும். ஆனால், காரை இறுகும்போது அதில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது.

புதுச்சேரிக்கு அந்தப் பக்கம் ஆரோவிலில், 1989இல் தொடங்கிய மண் கட்டடக் கல்வி நிலையம் இருக்கிறது. வெளிநாட்டவரும் வந்து படிக்கிறார்கள். மண்ணைச் சுடாமல், அழுத்தியே கல் செய்கிறார்கள். பொறியும் உண்டு, கணக்கும் உண்டு. ஆனாலும் மண்ணைப் பார், முகர், தொடு, நனைத்துப் பிசை என்றும் சொல்லித்தருகிறார்கள். மக்கின வாடை வந்தால் அது மேல்மண், பயிருக்கு விட்டுவிட வேண்டும். கையைக் கழுவினாலும் போகாமல் ஒட்டினால் களி மிகுதி. இதைச் சொல்வது மூக்கும் கையும்தானே!

கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கை எழுதி வைத்தால் நாளைக்கும் இருக்கும். கைப்பக்குவம் இன்னொரு கைக்குப் போனால்தான் இருக்கும். அந்தக் கொத்தனாரின் பிள்ளை வேறு வேலைக்குப் போய்விட்டான். அவர் பக்கத்தில் கரணை பிடிக்க ஆளில்லை. புத்தகம் எரிந்தால் வேறு பிரதி தேடலாம். அந்தக் கை ஓய்ந்தால், நடுவர் அவர்களே, எந்தக் கடையில் வாங்குவோம்?

நல்ல தீர்ப்புத் தாருங்கள்.