வர்த்தக மந்தமும் இணைய வாணிபமும்



கடைத்தெருவிற் கூட்டம் குறைந்துவிட்டால் கடைக்காரர் அதனைத் தம் கண்ணாலேயே காண்கின்றார். இணைய வழியாக வாணிபம் செய்பவருக்கோ வாசற்படியுமில்லை, வாசலிற் கூடும் கூட்டமுமில்லை. அவருடைய கடை கணினித் திரையில் இருக்கின்றது. சரக்கு எங்கோ தொலைவிலுள்ள பண்டகசாலையில் இருக்கின்றது. மந்தகாலம் அவரை எவ்வழியாக வந்து தாக்குகின்றது, அதிலிருந்து அவர் தப்புவது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பொதுப்படப் பேசுவதிலும் உண்மை வரலாறொன்றை வைத்துப் பேசுவது தெளிவு தரும். ஆதலால், ஐக்கிய அமெரிக்காவின் அமேசன் கம்பனி 2000ஆம், 2001ஆம் ஆண்டுகளிற் பட்ட பாட்டை உங்கள் முன் வைக்கின்றேன். இன்று அதன் பெயரை அறியாதார் அரியர். அந்நாளிலோ, அது பிழைக்குமா என்பதே பலருக்கு ஐயமாயிருந்தது.

ஜெவ் பெசோஸ் என்பவர் 1994இல், சியற்றில் நகரை அடுத்த ஊரொன்றில், தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையிலே தொடங்கிய கம்பனி அது. 1995 ஜூலையிற் புத்தக விற்பனையை ஆரம்பித்தது. 1997 மே மாதத்திற் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. பின்னர் இசைத்தட்டு, விளையாட்டுப் பொருள், மின்சாதனம் என்று சரக்கின் வகை பெருகிற்று. நட்டமும் உடன் பெருகிற்று. 2000ஆம் ஆண்டில் 2.76 பில்லியன் டொலருக்கு விற்பனை செய்த கம்பனி, அதே ஆண்டில் 1.4 பில்லியன் டொலர் நட்டப்பட்டது. நூறு டொலருக்கு விற்று ஐம்பது டொலர் நட்டம்! நம்மூர் மளிகைக்கடைக்காரர் எவரும் கடையைப் பூட்டித் திறப்பைக் கையிலெடுத்திருப்பார். ஆனால் அந்நட்டத்திற் பெரும்பகுதி, வேறு கம்பனிகளை வாங்கியதற்கும் அவற்றிற் பங்குகொண்டதற்குமாக ஏட்டில் எழுதிய கணக்கு. பெட்டியிலிருந்து போன காசு அவ்வளவன்று. வாணிபத்தின் உயிர் இலாப நட்டக் கணக்கிலா, காசுப் பெட்டியிலா இருக்கின்றதென்பதை மந்தகாலம் தெளிவாகக் காட்டிவிடுகின்றது.

அந்தக் காசுப் பெட்டியின் சூட்சுமத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புறக்கோட்டை மொத்தக் கடையில் ஒரு மாதத் தவணைக்குச் சரக்கெடுக்கும் சில்லறை வியாபாரி, அச்சரக்கைப் பத்து நாளில் விற்றுவிட்டால், எஞ்சிய இருபது நாளும் பிறர் காசு அவர் கையில் நிற்கும். அமேசன் செய்ததும் இதுவே, அளவுதான் பெரிது. வாங்குபவர் கடனட்டை மூலம் உடனே பணம் செலுத்திவிடுவர். புத்தகத்தை அனுப்பிய பதிப்பகத்துக்கோ பல வாரங்கள் கழித்தே பணம் கொடுக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அப்பணம் கம்பனியின் கையிற் புழங்கும். விற்பனை வளருமளவும் இப்பணம் வளர்ந்துகொண்டே போகும். வங்கிக்கு வட்டி கொடுக்காமலே கிடைத்த கைமுதல் என்று சொல்லலாம்.

விற்பனை தளர்ந்தாற் கதை தலைகீழாகின்றது. சென்ற மாதச் சரக்குக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டியிருக்கும்போது, இந்த மாத விற்பனையிலிருந்து வருவது சிறுதொகையாயிருக்கும். இதனினும் கொடியது வேறொன்றுண்டு. அந்தக் கம்பனி முறியப்போகின்றதாம் என்ற பேச்சு எழுந்துவிட்டால், சரக்கு வழங்குவோர் தவணையைக் குறுக்குவர். அல்லது காசைக் கண்ட பின்பே சரக்கு என்பர். அவ்வாறு அனைவரும் ஒருங்கே கேட்டால், முறியாத கம்பனியும் முறிந்துபோகும். வதந்தியைக் கேட்டு மக்கள் வங்கி வாசலில் வரிசையாக நின்றால் வங்கிக்கு என்ன நேருமோ, அதுவே இணைய வணிகருக்கும் நேரும்.

இந்த அபாயத்தையே 2000 ஜூனில், லேமன் பிறதர்ஸ் நிறுவனத்தில் ஆய்வாளராயிருந்த ரவி சூரியா என்பவர் வெளிப்படையாக எழுதினார். அமேசனின் கைக்காசு விரைவில் வற்றிவிடக்கூடும் என்பது அவர் வாதம். கம்பனியினர் அதனைக் கடுமையாக மறுத்தனர். முடிவில் அவர் அஞ்சியது நிகழவில்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்வி நியாயமானதென்றே நான் கருதுகின்றேன். 2000ஆம் ஆண்டு இறுதியிற் கம்பனியின் கையில் 1.1 பில்லியன் டொலர் இருந்தது. நத்தார்க்கால விற்பனைக்கு வாங்கிய சரக்கின் கடனைத் தீர்த்தபின், மூன்று மாதத்தில் அது ஏறக்குறைய 640 மில்லியனாகிவிட்டது. நீண்டகாலக் கடனோ 2 பில்லியனுக்கு மேல்.

அத்தொகையேனும் எங்ஙனம் கையிலிருந்தது? 2000 பெப்ரவரியில், வேண்டுமானாற் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரங்களை ஐரோப்பாவில் விற்று, 690 மில்லியன் யூரோ திரட்டிக்கொண்டது அமேசன். அடுத்த மாதம் 10ஆம் திகதி நாஸ்டக் பங்குச் சந்தை உச்சிக்கு ஏறி, அதன்பின் சரியத் தொடங்கிற்று. சில மாதம் தாமதித்திருந்தால் அக்கடன் அந்த அளவில் கிடைத்திருக்குமோ என்பது ஐயமே. இதில் முன்யோசனை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. 1999 டிசம்பரில் 100 டொலருக்கு மேல் விற்ற அமேசன் பங்கு, 2001 செப்டெம்பரில் 6 டொலரளவுக்கு வீழ்ந்தது.

அதே காலத்தில் வீழ்ந்த பிறரையும் பார்க்க வேண்டும். வளர்ப்புப் பிராணிகளுக்கு உணவு விற்ற பெற்ஸ் டொட் கொம் 2000 நவம்பரில் மூடப்பட்டது. அதில் அமேசனும் முதலிட்டிருந்தது. காய்கறியும் மளிகையும் வீட்டுக்கே கொண்டுவந்து தந்த வெப்வான் கம்பனியின் கதை இன்னும் பெரிது. வாடிக்கையாளர் வருமுன்பே, 26 பண்டகசாலைகளைக் கட்டுவதற்கென 1 பில்லியன் டொலர் அளவில் ஒப்பந்தம் செய்துகொண்டது அது. இயந்திரமயமான பெருங்கட்டடங்கள் எழுந்தன. அவற்றை நிரப்பப் போதிய வாடிக்கையாளர் வரவில்லை. 2001 ஜூலையில் வெப்வான் கதவடைத்தபோது ஏறத்தாழ 2,000 பேர் வேலையிழந்தனர். கட்டடம் முந்தி வாடிக்கை பிந்தினால், ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் கட்டடச் செலவு ஏறி உட்கார்ந்துவிடுகின்றது.

அமேசனும் பண்டகசாலைகளை அளவுக்கு மிஞ்சியே கட்டியிருந்தது. 1999 நத்தாருக்கு வாங்கிக் குவித்த சரக்கு விற்காமற் கிடந்ததால், 39 மில்லியன் டொலர் பெறுமதியான சரக்கை நட்டமாக எழுத நேர்ந்தது. ஜெவ் வில்க்கி என்பவர், தொழிற்சாலை நிருவாகத்திற் பழகியவர், பண்டகசாலைப் பொறுப்பை ஏற்றார். பொருள் எங்கே தேங்குகின்றது, எந்தப் பொட்டலம் பிழையாகப் போகின்றது என்று ஒவ்வொரு படியையும் அளந்து திருத்தினர். இதன் பலனைக் கணக்கிலே காணலாம். பொருளைச் சேமித்துப் பொதிசெய்யும் இவ்வேலைக்கு 2000இல் ஏறத்தாழ 415 மில்லியன் டொலர் செலவாயிற்று. 2001இல் விற்பனை 3.12 பில்லியனாக உயர்ந்தும், அச்செலவு 374 மில்லியனாகக் குறைந்தது.

இச்சிக்கனத்துக்கு மனிதரும் விலை கொடுத்தனர். 2001 ஜனவரி இறுதியில், ஊழியரில் நூற்றுக்குப் பதினைவர், அஃதாவது 1,300 பேர், நீக்கப்பட்டனர். ஜோர்ஜியா மாநிலத்துப் பண்டகசாலையொன்றும் சியற்றிலில் வாடிக்கையாளருக்கு மறுமொழி சொல்லும் நிலையமும் மூடப்பட்டன. அந்நிலையத்து ஊழியர் சிலர், சில மாதங்களாகத் தொழிற்சங்கம் அமைக்க முயன்றுவந்தனர். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றது கம்பனி. தொடர்பு உண்டோ இல்லையோ, நட்டக் கணக்கை எழுதியவர்கள் வேறு, வேலையிழந்தவர்கள் வேறு என்பதை மறைக்க முடியாது. திட்டமிட்டவர் கட்டிய மிகைக் கட்டடத்துக்குப் பொதிகட்டியவர் தண்டம் செலுத்தினார்.

அமேசன் செய்த இன்னொரு காரியம், தன் கடையையும் தொழில்நுட்பத்தையும் பிறருக்குத் திறந்துவிட்டமை. 2000 நவம்பரில், தான் விற்கும் பொருளின் பக்கத்திலேயே அதே பொருளைப் பிறரும் விற்க இடங்கொடுத்தது. விற்றவர் தரகு கொடுப்பார். சரக்கை வாங்கி வைக்கும் முதலும், விற்காமற்போகும் அபாயமும் அவருடையன. புதுப் புத்தகத்தின் பக்கத்திற் பழம்புத்தகம் மலிவாக விற்கப்படுவதை எதிர்த்து 2002இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தார் குரலெழுப்பினர். அவர்கள் வருத்தத்திலும் நியாயமுண்டு. பழம்புத்தகத்தில் ஆசிரியருக்குச் சதமும் சேராதன்றோ?

விநியோகக் கூலியிலும் ஒரு மாற்றம் வந்தது. 2002 ஜனவரியில், 99 டொலருக்கு மேல் வாங்குவோருக்கு அனுப்புங் கூலி இல்லையென அறிவித்தனர். அவ்வாண்டு ஓகஸ்ற்றில் அவ்வெல்லை 25 டொலராகக் குறைந்தது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: சில நாள் கூடப் பொறுத்திருக்க வேண்டும். அப்பொறுமையால், ஓராள் கேட்ட பல பொருள்களை ஒரே பெட்டியில் இட்டு, வேலை குறைந்த நேரத்தில் அனுப்ப முடிந்தது. மந்தகாலத்திற் பலருக்குக் காசு அருமை, காலம் அவ்வளவு அருமையன்று என்பதை அறிந்து செய்த ஏற்பாடு.

ஐக்கிய அமெரிக்காவில் 2001 மார்ச் முதல் நவம்பர் வரை மந்தம் நிலவியதெனப் பின்னர் வரையறுத்தனர். அவ்வாண்டின் கடைசிக் காலாண்டில் அமேசன் தன் முதல் இலாபத்தைக் கண்டது. தொகை 5 மில்லியன் டொலர். பங்கொன்றுக்கு ஒரு சதம்.

தம் இணையக் கடைகளை அந்நாளில் அமேசனிடம் ஒப்படைத்த பெருங்கடைகளின் கதையையும் சொல்ல வேண்டும். விளையாட்டுப் பொருள் விற்ற ரோய்ஸ் ஆர் அஸ் 2000 ஓகஸ்ற்றிலும், போர்டர்ஸ் புத்தகசாலை 2001 ஏப்ரலிலும் உடன்படிக்கை செய்துகொண்டன. மந்தகாலத்திற் செலவு குறைந்ததென்று இரு திறத்தாரும் மகிழ்ந்தனர். ரோய்ஸ் ஆர் அஸ் 2004இல் அமேசன் மீது வழக்குத் தொடுத்து, 2006இல் உடன்படிக்கையிலிருந்து விடுபட்டது. போர்டர்ஸ் 2008இல் மீண்டும் சொந்தத் தளத்தைத் திறந்தது. அதற்கிடையே ஏழாண்டுகளாக அதன் வாடிக்கையாளர் இணையத்திற் புத்தகம் வாங்க அமேசனின் வாசலுக்கே பழகியிருந்தனர். 2011இல் போர்டர்ஸ் தன் கடைகள் அனைத்தையும் மூடிற்று.