மூளையின் நாளங்களும் ஒரு தோழியின் கேள்வியும்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பம் 1983க்குப் பின் கனடா சென்றது. அங்கே அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்னும் நோய் கண்டது. நம் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்புகளின் மயலின் உறையைத் தாக்கும் நோய் அது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்குக்கு மேல் வரும்.

2009 இன் இறுதியில் ஒருநாள் இரவு அவள் தொலைபேசியில் அழைத்தாள். இத்தாலியின் பெராரா நகரப் பேராசிரியர் பவுலோ சம்போனி இந்நோய்க்குக் காரணம் கண்டுவிட்டார் என்று அங்கே தொலைக்காட்சியில் காட்டியிருந்தார்கள். அவருடைய மனைவிக்கும் இதே நோய்தான்.

அவர் சொன்னதை நம் ஊரை வைத்து விளக்குகிறேன். கண்டி வாவியின் மிகைநீரை மெத எல கொண்டுபோய் கெட்டம்பே அருகே மகாவலியில் சேர்க்கிறது. அது அடைபட்டால் நீர் பின்னோக்கித் தேங்கும். அதுபோலக் கழுத்திலும் மார்பிலும் உள்ள நாளங்கள் ஒடுங்கி, குருதி மூளைப் பக்கம் தேங்கி, இரும்புச்சத்துப் படிந்து நோய் உண்டாகிறது என்றார். தாம் பரிசோதித்த 65 நோயாளரிடமும் இக்குறை இருந்ததாகவும், ஒப்பிட்டுப் பார்த்த 235 பேரில் ஒருவரிடமும் இல்லை என்றும் எழுதினார். பலூன் செலுத்தி நாளத்தை விரித்தால் குணம் கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவியது. ஆயிரக்கணக்கானோர் போலந்து, கொஸ்தாரிக்கா, இந்தியா என்று புறப்பட்டார்கள்.

“நகையை விற்றாவது போகட்டுமா?” என்று தோழி கேட்டாள்.

“இன்னும் நிரூபிக்கப்படவில்லை, கொஞ்சம் பொறு” என்றேன்.

“உன் கால் மரத்துப் போனால் நீ பொறுப்பாயா?” என்றாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அவள் போனாள். சில மாதங்கள் உற்சாகமாக இருந்தாள். பிறகு பழைய நிலைதான். இந்நோய் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. அதனால்தான் ஒருவரின் அனுபவத்தை மட்டும் வைத்துச் சிகிச்சையை எடைபோட முடியாது.

2013 இல் கனடிய ஆய்வாளர்கள் நாளங்களுக்குள் குழாய் செலுத்திப் படம் எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்ட ஒடுக்கம் நோயாளரில் 74 வீதத்தினருக்கு இருந்தது. உறவில்லாத சுகதேகிகளில் 70 வீதத்தினருக்கும் இருந்தது! அடுத்து 104 நோயாளரில் ஒரு பிரிவினருக்கு உண்மையாகவே நாளத்தை விரித்து, மற்றவர்களுக்கு விரிப்பதுபோல் மட்டும் செய்தார்கள். யாருக்கு எது என்று நோயாளருக்குத் தெரியாது. ஓராண்டின் பின் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 2017 இல் சம்போனியே தலைமை தாங்கிய இத்தாலிய ஆய்வும் இச்சிகிச்சை பயனற்றது என்றே முடித்தது. தம் கருத்தைத் தாமே சோதித்து, தோல்வியையும் வெளியிட்ட அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

அப்படியானால் நாளத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லையா? உண்டு. மூளையில் ஏற்படும் தழும்புகளின் நடுவே ஒரு சிறு குருதிக்குழாய் இருப்பதை 1863 இலேயே ரிண்ட்பிளைஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டார். தாக்கும் வெண்குழியங்கள் அத்தகைய சிறு நாளங்களின் வழியேதான் மூளைக்குள் நுழைகின்றன. நாளம் அடைபட்ட வாய்க்கால் அல்ல. எதிரி வரும் பாதை. நடுவில் தெரியும் அந்த நாளத்தை எம்.ஆர்.ஐ. படத்தில் பார்த்து நோயை உறுதிசெய்ய இன்று உதவியாகக் கொள்கிறார்கள்.

தங்கைகளே, நம் நாட்டில் இந்நோய் குறைவு. அதனாலேயே கவனியாமல் விடப்படலாம். ஒரு கண்ணில் நோவோடு பார்வை மங்கினாலோ, கைகால் மரத்து நாட்கணக்கில் நீடித்தாலோ வைத்தியரிடம் செல்லுங்கள். நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் 1993 முதல் வந்துகொண்டிருக்கின்றன. புதிய சிகிச்சை எதைக் கேள்விப்பட்டாலும், “யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?” என்று கேளுங்கள்.

வைத்தியத்துறையில் இருக்கும் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. அன்று நான் “பொறு” என்று மட்டும் சொன்னேன். ஏன் பொறுக்க வேண்டும் என்பதை அவளுக்கு விளங்கும்படி சொல்லியிருக்க வேண்டும். நோயாளியின் அவசரம் அறியாமை அல்ல.

அவள் இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். இவ்விழாவுக்கு வர முடியவில்லை. “பெயரைச் சொல்லாமல் என் கதையைச் சொல்” என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். சொல்லிவிட்டேன்.