பரணில் வெடித்த ரவை எங்கே போய் விழுகிறது?

(மலையடிவாரக் கிராமம் ஒன்றில் நடைபெற்ற உழவர் பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



மக்காச்சோளத்திற்கு மேலுரம் இடுவது பற்றிப் பேசத்தான் என்னை இங்கே அழைத்தார்கள். காலையில் உங்கள் வயல்களைச் சுற்றி வந்தபோது ஐந்து பரண்களைக் கண்டேன். இரவுக் காவலுக்கு உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பதாக இருவர் சொன்னார்கள். "சத்தத்திற்காக வானத்தைப் பார்த்து ஒரு வெடி விடுவோம், அவ்வளவுதான்" என்றார் ஒருவர். அந்த ஒரு சொல்லுக்காகவே மேலுரத்தைப் பிற்பகலுக்குத் தள்ளி வைத்தேன்.

நான் உழவியல் படித்தவன். துப்பாக்கி என் பாடமல்ல. ஆனால் துப்பாக்கி இருந்த வீட்டில் வளர்ந்தவன்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. ஆனால் அந்த உரிமம் விலங்கைக் கொல்ல அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டது. நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் வந்த ஆணையின்படி, காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத்துறையினருடையது; உழவருடையது அன்று. ஆகவே நாம் வெடிப்பது விரட்டுவதற்கு மட்டுமே. விரட்டத்தானே என்ற எண்ணத்தில்தான் கவனக் குறைவும் வருகிறது.

"என் துப்பாக்கி 40 கஜத்திற்கு மேல் எட்டாது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது ரவை விலங்கை வீழ்த்தும் தொலைவு. ரவை போய் விழும் தொலைவு வேறு. ஒரு பிடி கேழ்வரகையும் ஒரு கூழாங்கல்லையும் ஒரே வேகத்தில் வீசிப் பாருங்கள். கேழ்வரகு காலடியிலேயே உதிரும். கல் வரப்பைத் தாண்டும். காற்று இரண்டையும் தடுக்கிறது. ஆனால் கனமான பொருளை அதனால் எளிதில் நிறுத்த முடிவதில்லை. ரவைக்கும் இதே கணக்குத்தான்.

பிரெஞ்சுப் படைத்துறையைச் சேர்ந்த ஜூர்னே என்பவர் இதற்கு ஓர் எளிய கணக்கு வகுத்தார். மில்லிமீட்டர் அளவில் சொல்வதானால், உருண்டையான ஈய ரவையின் குறுக்களவை 80ஆல் பெருக்கினால் அது போகக்கூடிய அதிகத் தொலைவு ஏறத்தாழ மீட்டரில் கிடைக்கும். 4ஆம் எண் ரவை சுமார் 3 மில்லிமீட்டர். அது 240 மீட்டர் போகும். பி.பி. ரவை 4 மில்லிமீட்டர், 320 மீட்டர். எல்.ஜி. ரவை 9 மில்லிமீட்டர், 720 மீட்டர். 15 மில்லிமீட்டர் ஒற்றைக் குண்டைப் போட்டுக் கெட்டித்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். மருந்தைக் குறைத்துப் போட்டால் தொலைவு பாதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வேகமாகக் கிளம்பும் ரவையைத் தொடக்கத்திலேயே காற்று மிக அதிகமாகத் தடுக்கிறது. ஆகவே மருந்தைக் குறைப்பதால் தொலைவு குறைவது சிறிதளவே.

இதை நம் நிலக் கணக்கில் பாருங்கள். சதுரமாக உள்ள ஓர் ஏக்கரின் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். சிறு ரவைகூட வரிசையாக ஏறத்தாழ நாலு ஏக்கரைக் கடக்கிறது. எல்.ஜி. பதினோரு ஏக்கரைத் தாண்டுகிறது. நம்மில் எத்தனை பேருக்கு ஒரே திசையில் பதினோரு ஏக்கர் இருக்கிறது? இரண்டு ஏக்கர்க்காரர் வெடிக்கும் ரவை பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தில்தான் விழும்.

சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போட்டுக் கெட்டிப்பவர்களும் உண்டு. எஃகு ஈயத்தைவிட எடை குறைந்தது. ஆகையால் தொலைவு சற்றுக் குறையும். ஆனாலும் 6 மில்லிமீட்டர் பால்ரஸ் 300 மீட்டர் அளவுக்குப் போகும். அதன் கெடுதல் வேறொன்று. ஈயம் பாறையில் பட்டால் நசுங்கும். எஃகு நசுங்காது, தெறித்து, எந்தத் திசையில் போகிறதென்றே தெரியாது.

இனி அந்த வானத்து வெடிக்கு வருகிறேன். செங்குத்தாக மேலே யாரும் பிடிப்பதில்லை. பரணில் உட்கார்ந்தபடி குழலைச் சாய்வாகத் தூக்கித்தான் விடுகிறோம். தரையிலிருந்து 30 பாகை அளவுக்குத் தூக்கினால்தான் ரவை மிக அதிகத் தொலைவு போகிறது. நாம் பத்திரம் என்று நினைத்துப் பிடிக்கும் சாய்வும் அதுவே! அத்தனை தொலைவு போய் விழும் சிறு ரவை தோலைத் துளைக்காமல் இருக்கலாம். ஆனால் கண்ணைக் கெடுக்கும். எல்.ஜி.யைப் பற்றி அப்படியும் சொல்ல முடியாது.

எனக்குப் பத்து வயது இருக்கும். நிலக்கடலைக் காட்டில் பன்றி உறுமல் கேட்டு என் தந்தையார் பரணிலிருந்து வெடித்தார். உறுமல் கேட்ட பக்கம், குழலைச் சற்றே உயர்த்தி, சத்தத்திற்காகத்தான். குழலில் எல்.ஜி. இருந்தது. காலையில் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் தந்தையாரை மோட்டார்க் கொட்டகைக்கு அழைத்துப் போனார். நானும் பின்னால் ஓடினேன். கொட்டகைக் கதவில் ஒரு ரவை பதிந்திருந்தது. அதன் கீழே பெரியப்பா இரவில் படுத்திருந்த கயிற்றுக் கட்டில். பரணிலிருந்து கொட்டகை 300 மீட்டர் இருக்கும். அவர் அன்றிரவு அங்கே காவலுக்குப் படுத்திருந்தது என் தந்தையாருக்குத் தெரியாது. பகலில் இருவரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டியவர்கள்தாம். காவலைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஆகவே முதல் வேலை பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டும். இன்றிரவு யார் யார் எந்தப் பரணில், எந்தக் கொட்டகையில், யார் தண்ணீர் பாய்ச்ச வருகிறார் என்று சுற்றியுள்ளவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் இடம் மாறுகிறவர் டார்ச் விளக்கை எரித்து, குரல் கொடுத்துவிட்டு வரட்டும்.

விரட்டும் வெடிக்கு ரவையே வேண்டாம். மருந்தும் காகித அடைப்பும் மட்டும் போதும். பன்றி ஓடுவது சத்தத்திற்கே. அந்த அடைப்பும் சில அடி தூரத்தில் காயப்படுத்தும் என்பதால் ஆளை நோக்கிப் பிடிக்கக் கூடாது. கருமருந்தில் அடைப்பு கனன்றுகொண்டே விழும். காய்ந்த தட்டையும் சருகும் கிடக்கும் பக்கம் வெடித்தால், பன்றி தின்றது போக மிஞ்சியதைத் தீ தின்றுவிடும். குழலை உங்கள் சொந்த நிலத்தில், ஈரமான மண்ணை நோக்கித் தாழ்த்திப் பிடியுங்கள்.

உயிருக்கே ஆபத்து வந்து ரவையோடு சுட நேர்ந்தால், விலங்கின் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டும். உயர்ந்த மண் கரையானால் நல்லது. மக்காச்சோளம் ரவையைத் தடுக்காது. ஆளை மறைக்க மட்டுமே செய்யும். கெட்டித் தரையும் தண்ணீரும்கூட நம்பத் தக்கவையல்ல. குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக எறிந்தால் தத்திப் போகிறதல்லவா, ரவையும் அப்படியே தத்தும். டார்ச் வெளிச்சத்தில் மின்னும் கண்ணை மட்டும் நம்பிச் சுடாதீர்கள். நாயின் கண்ணும் கன்றுக்குட்டியின் கண்ணும் மின்னும். ஓசையை மட்டும் கேட்டு ஒருபோதும் சுடக் கூடாது.

கெட்டிப்பதில் ஒரு சொல். குழலில் மருந்து இருக்கிறதா என்பது வெளியே தெரியாது. இருப்பது தெரியாமல் மேலும் ஒரு முறை கெட்டித்தால் குழல் வெடிக்கும். கெட்டிக்கும் கோலை வெறுங்குழலில் இறக்கி, வாய் மட்டத்தில் கோலின் மேல் ஒரு கோடு போடுங்கள். அளவாகக் கெட்டித்தபின் இறக்கி இன்னொரு கோடு போடுங்கள். பிறகு எந்த இருட்டிலும் கோலை இறக்கித் தடவிப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். அப்போது கேப்பு மாட்டியிருக்கக் கூடாது. முகமும் கையும் குழல் வாய்க்கு நேராக இருக்கக் கூடாது. பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும் கேப்பு சட்டைப்பையில் இருக்கட்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால், குழலை மண் பக்கமே பிடித்துக்கொண்டு ஒரு நிமிடமாவது காத்திருங்கள். நமுத்த மருந்து தாமதித்துப் பற்றுவது உண்டு. அந்த நேரத்தில்தான் சிலர் குழலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்.

வனத்துறையினர் பன்றி சுட வரும் இரவுகளில் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். பெரிய ரைபிள் தோட்டா 4 கிலோமீட்டருக்கும் அப்பால் போகக்கூடியது, சிறிய.22 தோட்டாவே ஒன்றரைக் கிலோமீட்டர் போகும். அவர்கள் சொல்லும் இடத்தில், வீட்டுக்குள் இருப்பதே சரி.

நேரமாகிவிட்டது. மேலுரம் பற்றிச் சாப்பாட்டுக்குப் பின் தெற்குப் பக்கத்து மக்காச்சோள வயலிலேயே பேசலாம். துப்பாக்கி உள்ளவர்கள் வரும்போது கெட்டிக்கும் கோலை மட்டும் எடுத்து வாருங்கள். வீட்டில் கோடு போடும் முறையை அந்தக் கோலிலேயே காட்டித் தருகிறேன்.