குந்தி அமர்தல்



அரூரிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைமீது ஏறிச் சென்றால் சித்தேரியை அடையலாம். மலையாளிகள் என்னும் தமிழ் பேசும் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழும் இடம் அது. அங்கே களை பறிப்போரையும், அடுப்பு மூட்டுவோரையும், நிழலில் அமர்ந்து உரையாடும் முதியோரையும் நான் கவனித்திருக்கிறேன். பாதம் முழுவதும் நிலத்தில் படியக் குந்துகிறார்கள், கையூன்றாமல் எழுகிறார்கள். நகரத்தில் நாற்பது வயதிலேயே பலருக்கு இது கைகூடுவதில்லை.

யோக நூலார் இவ்விருக்கையை மாலாசனம் என்பர். இதில் கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூன்று மூட்டுகளும் முழு அளவில் மடங்குகின்றன; கெண்டைத் தசை நீள்கிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதியை ஒரு தசை கயிறுபோல் இழுத்து வளைத்திருக்கிறது. குந்தும்போது அவ்வளைவு நிமிர்வதால் மலம் எளிதில் கழிகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் 28 பேர் பங்கேற்றனர். குந்தியபோது சராசரியாக 51 நொடியில் முடிந்த காரியத்திற்கு, உயர்ந்த இருக்கையில் 130 நொடி வேண்டியிருந்தது.

இதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. பிரேசில் நாட்டில் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்து ஆராய்ந்தனர். முடிவுகள் 2012-இல் வெளியாயின. கையும் முழங்காலும் ஊன்றியே எழ முடிந்தவர்களிடையே, பின்வந்த ஆண்டுகளில் இறப்பு மிகுந்திருந்தது. குந்தாததே இறப்புக்குக் காரணம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தசை வலிமை, நெகிழ்ச்சி, சமநிலை ஆகியவற்றைக் காட்டும் அளவுகோல் அது. முதுமையில் பிறர் கையை நாடாமல் எழுந்து நடமாடுவது எத்துணைப் பெரிய விடுதலை!

ஆயினும் அளவு வேண்டும். இளமையில் நாள்தோறும் நெடுநேரம் குந்தியவர்களுக்கு முதுமையில் முழங்கால் தேய்வு மிகுதியாக இருந்ததைப் பீக்கிங் நகர முதியோரிடம் நடத்திய ஆய்வு 2004-இல் எடுத்துக்காட்டியது. ஆகவே மணிக்கணக்கில் குந்த வேண்டுவதில்லை.

பயிலும் முறை எளிது. கால்களைத் தோளளவு அகற்றி, விரல்களைச் சற்றே வெளிப்புறம் திருப்பி நில்லுங்கள். சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு மெல்லத் தாழுங்கள். குதிகால் நிலத்தில் படியாவிடில் மடித்த துணியொன்றை அதன்கீழ் இடுங்கள். நான்கைந்து மூச்சுகள் இருந்து, மெல்ல எழுங்கள். முழங்கால் நோவுள்ளோரும், மூட்டு மாற்றச் சிகிச்சை பெற்றோரும், கருவுற்ற பெண்டிரும் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்குதல் நலம்.

குழந்தைப் பருவத்தில் நம் அனைவர்க்கும் இயல்பாய் வாய்த்திருந்த திறன் இது. நாள்தோறும் சில நிமிடங்கள் பழகினால், கூடியமட்டும் அதனை மீட்டுக்கொள்ளலாம்.