தாயும் மகனும்

1912ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்து வைத்தியர் ஒக்டேவ் குரூசோன் ஒரு தாயையும் மகனையும் ஒருங்கே ஆராய்ந்தார். இருவருக்கும் மண்டையோடு உருத்திரிந்து விழிகள் பிதுங்கியிருந்தன. இது பரம்பரையாய் வருவதென அவர் எடுத்துரைத்தார்.

மழலைப் பருவத்தில் மண்டையோட்டெலும்புகள் மூளை வளர இடங்கொடுத்துப் பிரிந்தே நிற்கும். அவை காலத்துக்கு முன்னர் ஒட்டிக்கொண்டால் உள்ளே நெருக்கம் மிகும். சிறுமூளையின் கீழ்ப்பகுதி கழுத்தை நோக்கி இறங்குதலும் உண்டு.

1994இல் இதற்குக் காரணமான பரம்பரையலகு புலனாயிற்று. பெற்றோருள் ஒருவருக்கு இக்கோளாறு இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்புச் சரிபாதி. சில பிள்ளைகளிடத்தே புதிதாகவும் தோன்றும்.

ஆகவே, நேயர்களே, தாயைப் பழித்தல் தகாது. குடும்பத்தில் ஒருவரிடம் கண்டால் ஏனையோரையும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். காலத்தே செய்யும் சத்திரசிகிச்சை மூளைக்கு இடமளிக்கும், பார்வையையும் காக்கும்.